புதுப்பிப்பு: ஜிப்சிக்குக் கடைசியில் ஸ்பிரிங் பட்டைதான் சேர்த்தேன்

என் 1998 மாருதி ஜிப்சியைக் குறைந்த செலவில் 2 அங்குலம் தூக்க, நீளமான ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, இணைக்கும் துண்டு) போடுவதா, ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை (வளைந்த இரும்புத் தகடு) சேர்ப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பட்டைதான் சேர்த்தேன். ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது ஏறக்குறைய 1 அங்குலம்தான். முன்னால் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டீயரிங்கும் அலையும்.

கழற்றிப் பார்த்தால் பழைய பட்டைகள் தட்டையாகவே படுத்துவிட்டிருந்தன. அவற்றைப் பட்டறையில் மறுபடி வளைத்து, நான்கு சக்கரத்துக்கும் தலா ஒரு பட்டை சேர்த்தோம். வண்டியைத் தூக்குவதற்கான முழு கிட் வாங்குவதைவிடச் செலவு மிகவும் குறைவு. ஆனால் ஸ்பிரிங் விறைப்பானதால் காலி வண்டி கொஞ்சம் குதிக்கிறது.

அப்புறம், வண்டியைத் தூக்கிய பிறகு பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று, சேசிஸில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். என் வண்டியில் முன் பிரேக் ஹோஸ் கம்பிபோல விறைத்து நின்றது. நீளமான ஹோஸும் ஷாக் அப்சார்பரும் மாட்டிய பிறகே மண் பாதையில் இறக்கினேன்.