மக்கெய்னிடம் அவருடைய கட்சிக்காரருக்கே எது போதவில்லை? வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வி

வாவிக்கரை (கல்லடி):

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி முறையையும் எங்கள் இலங்கையின் நிறைவேற்று ஜனாதிபதி முறையையும் ஒப்பிட்ட பாடத்தில், 2008ஆம் ஆண்டுக் குடியரசுக் கட்சி வேட்பாளரான ஜோன் மக்கெய்னை, “சொந்தக் கட்சியின் பழமைவாதிகளைத் திருப்திப்படுத்த முடியாமற்போன மிதவாதி” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அப்பாற் சென்றேன். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருவர் விடவில்லை. “வியட்நாமில் ஐந்தரை வருடம் சிறையிருந்தவர், கருக்கலைப்பை எதிர்த்தவர், ஈராக்குக்கு மேலும் படை அனுப்பச் சொன்னவர் என்று போன கிழமை நீங்கள்தானே சொன்னீர்கள் சேர். அப்படியென்றால் அவர்களுக்கு அவரிடம் எது போதவில்லை?” என்று கேட்டார். நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததையும் கேட்டுவிட்டார்: “பிடிக்காதவருக்கு வாக்களிக்காமல் வீட்டில் இருந்துவிட்டால் யாருக்கு இலாபம்?” நல்லவேளையாகப் பாடம் முடியும் மணி அடித்தது. புதன்கிழமை திரும்பவும் அதே வகுப்பு இருக்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் பாடநூலுக்கு வெளியே யாராவது விளக்கம் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தாளங்குடா வாசகன்:

சேர், உங்கள் மாணவி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். பெரும்பாலான விடயங்களில் மக்கெய்ன் செனற் சபையில் கட்சியோடு சேர்ந்தே வாக்களித்தவர். ஆனால் எந்தெந்த விடயத்தில் விலகினார், விலகியபோது யாருடைய தோளில் கை போட்டிருந்தார் என்பதையே பழமைவாதிகள் நினைவில் வைத்திருந்தார்கள். 2001இலும் 2003இலும் ஜனாதிபதி புஷ் கொண்டுவந்த வரிக்குறைப்புகள் இரண்டையும் எதிர்த்து வாக்களித்தார். 2002இல் ஜனநாயகக் கட்சியின் ரஸ் பைன்கோல்டுடன் சேர்ந்து தேர்தல் நிதிச் சட்டத்தை நிறைவேற்றினார். தேர்தல் நெருங்கும் காலத்தில் அமைப்புகள் தொலைக்காட்சியில் செய்யும் விளம்பரங்களுக்கு அந்தச் சட்டம் கட்டுப்பாடு விதித்ததால், கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகளும் துப்பாக்கி உரிமைக்காரரும் அதைத் தங்கள் வாயைக் கட்டும் சட்டமாகவே பார்த்தார்கள். 2005இல், நீதிபதி நியமனங்களை எதிர்த்தரப்பு தடுத்துவைக்கும் வழியை ஒரேயடியாக நீக்கிவிடலாம் என்று கட்சி கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வேளையில், இரு கட்சிகளிலும் எவ்வேழு பேராகச் சேர்ந்த பதினான்கு செனற்றர்களுள் ஒருவராக நின்று சமரசம் செய்தார். அதன் பிறகு ஜனநாயகக் கட்சியின் ரெட் கெனடியுடன் சேர்ந்து, ஆவணமின்றிக் குடியேறியவர்களுக்குக் குடியுரிமைக்கான ஒரு பாதையைத் திறக்க முயன்றார். அந்த முயற்சி 2007 யூனில் செனற்றில் கவிழ்ந்தது. அந்தக் கோடையில் அவருடைய பிரசாரமும் பணமின்றிக் கவிழும் நிலைக்கு வந்தது.

இவற்றை விட ஆழமாகத் தைத்த சொல் ஒன்றும் இருக்கிறது. 2000 பெப்ரவரியில் வர்ஜீனியாவில் பேசும்போது, கிறிஸ்தவ வலதுசாரிகளின் பெருந்தலைவர்களான பற் றொபேட்சனையும் ஜெரி பால்வெலையும் சகிப்பின்மையின் முகவர்கள் என்ற வகையில் சாடினார். 2006இல் பால்வெலின் பல்கலைக்கழகத்துக்கே போய் உரையாற்றிச் சமாதானமானார் என்றாலும், தேவாலயத்துக்குப் போகும் வாக்காளர் முதற் பேச்சை மறக்கவில்லை. புகுந்த வீட்டில் நல்ல பெயர் எடுப்பதற்காகத் தாய்வீட்டைக் குறை சொல்லும் பிள்ளையை எந்தத் தாய்தான் பொறுப்பாள்? அவர்கள் எதிர்த்தது அவருடைய கொள்கையை மட்டுமல்ல, எதிர்த்தரப்புப் பத்திரிகைகளில் அவருக்குக் கிடைத்த கைதட்டலையும் சேர்த்துத்தான் என்பது என் எண்ணம்.

பெரும்பாலான பழமைவாதிகள் விரும்பாத ஒருவர் எப்படி வேட்பாளரானார் என்றும் மாணவி கேட்கக்கூடும். அவர்களுடைய வாக்கு மிற் றொம்னிக்கும் மைக் ஹக்கபிக்கும் இடையே பிரிந்தது. 2008 ஜனவரி 29 அன்று புளோரிடாவில், வேட்பாளரைத் தெரிவுசெய்யக் கட்சிக்குள் நடந்த தேர்தலில், 36 வீத வாக்குகளோடு மக்கெய்ன் முதலிடம் பெற்றார். முதலிடம் பெற்றவருக்கே முழுவதும் என்ற விதிப்படி கட்சி மாநாட்டில் வாக்களிக்கும் அந்த மாநிலத்தின் 57 பிரதிநிதிகளும் அவருக்கே கிடைத்தார்கள். பெப்ரவரி 7 அன்று வாஷிங்டனில் நடந்த பழமைவாதிகளின் வருடாந்த மாநாட்டு மேடையில் றொம்னி விலகிக்கொண்டார். அதே நாள் அதே மண்டபத்தில் மக்கெய்ன் குடிவரவு என்ற சொல்லை எடுத்ததும் சபையிலிருந்து கூச்சல் எழுந்தது. அவரோ புன்னகையோடு நின்று, பேச்சைத் தொடர்ந்து முடித்தார்.

மருதமுனைக் காக்கா:

தம்பி தாளங்குடா சொன்ன காரணங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதிலிருந்து பலர் தாவுகின்ற முடிவில், அதாவது பழமைவாதிகள் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்ததால்தான் மக்கெய்ன் தோற்றார் என்பதில், எனக்கு நம்பிக்கை இல்லை. வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பைப் பாருங்கள். தம்மைப் பழமைவாதிகள் என்று சொன்னவர்கள் 2004இலும் வாக்காளரில் 34 வீதம்தான், 2008இலும் 34 வீதம்தான். அவர்களில் 84 வீதத்தினர் புஷ்ஷை ஆதரித்திருந்தார்கள். மக்கெய்னுக்கு அது 78 ஆகக் குறைந்தது. இது சரிவுதான். ஆனால் மிதவாதிகள் என்று சொன்னவர்களிடமும் புஷ்ஷுக்கு 45 வீதம் இருந்தது மக்கெய்னுக்கு 39 ஆகக் குறைந்தது. ஒரு பக்கம் ஆறு புள்ளி, மறு பக்கமும் ஆறு புள்ளி. மிதவாதி என்ற பெயரால் சொந்த வீட்டில் ஏச்சு வாங்கியவருக்கு அந்தப் பெயரால் வெளியிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே எனக்கு இதில் வேடிக்கையாகப் படுகிறது.

புஷ் 2004இல் பெற்றது ஏறத்தாழ 6 கோடி 20 இலட்சம் வாக்குகள். மக்கெய்ன் பெற்றது 6 கோடியிலும் சற்றுக் குறைவு. ஆகவே சிலர் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒபாமா பெற்றது 6 கோடி 95 இலட்சத்துக்குக் கிட்ட. வீட்டில் இருந்தவர்கள் எல்லோரையும் கூட்டிவந்திருந்தாலும் அந்த இடைவெளி அடைபட்டிருக்காது. செப்டெம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்த பிறகு, புஷ்ஷின் கட்சிக்காரர் எவரும் வென்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கோபித்துக்கொண்டவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்பதுதான் முக்கியம். ஜேம்ஸ் டொப்சன் என்ற கிறிஸ்தவத் தலைவர், எந்த நிலையிலும் மக்கெய்னுக்கு வாக்களிக்க மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்திருந்தார். ஓகஸ்ட் 29 அன்று அலாஸ்கா ஆளுநர் சாரா பேலின் உப ஜனாதிபதி வேட்பாளராக அறிவிக்கப்பட்டதும் அவருடைய குரல் மாறிவிட்டது. கோபத்தைக் காட்ட வேண்டிய நேரத்தில் காட்டி, அதற்கு விலையும் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பகுதியில் இது தலைகீழாக நடக்கிறது. தலைவர்கள் கொழும்பில் பேசி முடித்துவிட்டு வந்து யாருக்குப் போடுவது என்று அறிவிப்பார்கள்; நாங்கள் தேநீர்க் கடையில் ஏசிவிட்டு, அன்றைய தினம் அங்கேயே போய்ப் புள்ளடி போடுவோம். 2024 ஜனாதிபதித் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸும் மக்கள் காங்கிரஸும் சஜித் பிரேமதாசவை ஆதரித்தபோது என்ன கேட்டு வாங்கினார்கள் என்று என் மகன் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற அலுவலர்:

இரண்டாவது கேள்விக்கு என்னுடைய அனுபவத்திலிருந்து சிறிது சொல்லலாம். 2024 செப்டெம்பர் 21 தேர்தலே என்னுடைய கடைசித் தேர்தல் கடமை. பிடிக்காத இருவரில் ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டிய சங்கடத்துக்கு எங்கள் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. 2008 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் எந்த மாநிலத்திலும் அது இருக்கவில்லை. மனதுக்கு உகந்தவருக்கு 1 என்று எழுதிவிட்டு, அவர் வெல்ல மாட்டார் என்று தெரிந்தால் 2, 3 என்று மற்றவர்களுக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். அதாவது உங்கள் மாணவி சொல்வது போல் வீட்டில் இருக்கத் தேவையில்லை. கோபத்தை முதலாம் இலக்கத்திலும் யோசனையை இரண்டாம் இலக்கத்திலும் எழுதிவிட்டு வரலாம்.

ஆனால் நடந்தது என்ன? எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், 22ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, இலங்கை வரலாற்றில் முதற்தடவையாக இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனோம். அநுர குமார திசாநாயக்கவும் சஜித்தும் தவிர்ந்த மற்ற வேட்பாளர்களின் கட்டுகளை அவிழ்த்து, நீளமான அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தோம். இரவெல்லாம் விழித்த கண்ணுக்கு இலக்கங்கள் எறும்பு போல் ஊர்ந்தன. ஒரே ஒரு புள்ளடி, அதற்குக் கீழே வெற்றிடம். அடுத்ததும் அப்படியே. 2 என்ற இலக்கம் எப்போதாவது கண்ணில் பட்டால் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டும் அளவுக்கு அது அரிதாக இருந்தது. நாடு முழுவதிலும் அப்படித்தான்: ஏறத்தாழ 33 இலட்சம் சீட்டுகளில் அந்த இருவருக்கும் சேர்ந்த விருப்பு வாக்குகள் 273,131 மட்டுமே. நூறில் எட்டுப் பேர்.

இதற்கு அறியாமைதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்குப் புள்ளடி போட்ட என் மைத்துனரிடம், இரண்டாவதையும் எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். “அத்தான், இரண்டாவதை எழுதினால் முதலாவது பொய்யாகிவிடும்” என்றார். தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கத் தீர்மானித்ததில் அவருக்கு இருந்த கோபம், எண்ணிக்கையில் எந்தப் பலனையும் எதிர்பார்க்காத கோபம். அரியநேத்திரன் நாடு முழுவதும் பெற்ற 226,343 வாக்குகளில் இப்படிப்பட்டவை எத்தனையோ.

தாளங்குடா வாசகன்:

ஐயா, 2005ஐயும் சேர்த்துக்கொள்ளலாமா? யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.2 வீதமானோரே வாக்களித்தார்கள். மஹிந்த ராஜபக்ஷ ரணிலை வென்றது 180,786 வாக்குகளால். வீட்டில் இருந்தால் யாருக்கு இலாபம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாதே.

களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற அலுவலர்:

சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆனால் அதே பத்தியில் எழுதாதீர்கள். மக்கெய்னைப் பிடிக்காதவர் வீட்டில் இருந்திருந்தால் அது அவராக எடுத்த முடிவு. 2005இல் வடக்கில் புலிகள் வாக்களிக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு, யார் மனம் வெறுத்து வராமல் இருந்தார், யார் பயந்து வராமல் இருந்தார் என்று பிரிக்க எந்தக் கணிப்பும் உதவாது. வாக்குச்சாவடிக்குள் பெட்டியோடு காத்திருந்து வெறுங்கையோடு திரும்பிய என்னுடைய நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இதை வாக்காளரின் அதிருப்தி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வாவிக்கரை (கல்லடி):

அனைவருக்கும் நன்றி. முதலாம் கேள்விக்குத் தாளங்குடா எழுதியதையும் காக்காவின் ஆறு புள்ளிக் கணக்கையும் கரும்பலகையில் அருகருகே எழுதப் போகிறேன். 2005ஐத் தனிப் பாடமாக வைத்துக்கொள்கிறேன். மக்கெய்னின் கதை 2008உடன் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 2017 யூலை 28 அதிகாலையில், ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தைக் கலைக்கச் சொந்தக் கட்சி கொண்டுவந்த பிரேரணை செனற்றில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, மூளைப் புற்றுநோயோடு வந்து நின்று கட்டைவிரலைக் கீழே காட்டி அதைத் தோற்கடித்தவர்களுள் அவரும் ஒருவர். பத்து வருடம் முன்பே சொன்னோமே என்று எத்தனை பழமைவாதிகள் அன்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்!

ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதன்கிழமை காலை ஓய்வாக இருந்தால் வகுப்புக்கு வர முடியுமா? வெற்று மாதிரி வாக்குச் சீட்டு ஒன்றை நானே கீறி வைக்கிறேன். 1, 2, 3 என்று பிள்ளைகள் எழுதட்டும்; நீங்கள் எண்ணிக் காட்டுங்கள்.