'கர்த்தர்' என்றால் போதுமா, 'யெகோவா' என்றே அழைக்க வேண்டுமா?

நான்கெழுத்து:
சகோதரரே, சகோதரிகளே, ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் வேதனை இது. எரியும் முட்செடிக்கு முன்னால் நின்ற மோசே, அனுப்புகிறவரின் நாமம் என்ன என்று கேட்டார். தேவன் பட்டம் எதையும் சொல்லி அனுப்பவில்லை, பெயரையே கொடுத்தார். எபிரேயத்தில் நான்கு எழுத்து: யோத், ஹே, வாவ், ஹே. நாம் யெகோவா என்று சொல்வது அதைத்தான். "என்றைக்கும் இதுவே என் நாமம்" என்று யாத்திராகமம் 3:15 சொல்கிறது. பழைய ஏற்பாட்டில் அந்த நாமம் 6,800 தடவைக்கு மேல் வருகிறது. நம் வேதாகமத்தைத் திறந்தால் அந்த இடத்தில் எல்லாம் "கர்த்தர்". அது பதவி. எந்த எஜமானையும் அப்படிச் சொல்லலாம். அவரே கொடுத்த பெயரை எடுத்துவிட்டுப் பட்டத்தை வைக்க நமக்கு அதிகாரம் கொடுத்தது யார்? "மனுஷருக்கு உம்முடைய நாமத்தை வெளிப்படுத்தினேன்" என்று இயேசுவே ஜெபித்திருக்கிறார் (யோவான் 17:6). இனி என் ஜெபத்தில் யெகோவா என்று மட்டுமே சொல்வேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மௌனவாசகி:
நான் ஆலயத்தில் வாசகம் வாசிக்கிறவள். எனக்கு அது "ஆண்டவர்". பெயரை ஒளிப்பதற்காக அல்ல, அதன் கனம் தெரிந்துதான் அப்படி வாசிக்கிறேன்.

எருசலேம் ஆலயம் நின்ற காலத்திலேயே யூதர்கள் அந்த நான்கெழுத்தை வாய்விட்டுச் சொல்லக் கூசினார்கள். பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியர் உச்சரிப்பார், ஜனங்கள் முகங்குப்புற விழுவார்கள் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. மற்றபடி வாசிக்கும்போது "அதோனாய்", அதாவது என் ஆண்டவர். இயேசு வளர்ந்ததும் அந்தப் பழக்கத்துக்குள்தான். அவர் அதைக் கண்டித்ததாக நான்கு சுவிசேஷங்களில் ஒரு வரிகூடக் கிடையாது. ஓய்வுநாள், கைகழுவுதல், கொர்பான் (தேவனுக்குக் காணிக்கை என்று நேர்ந்துவிடுவது) என்று எத்தனையோ விஷயங்களில் பரிசேயரைக் கடிந்துகொண்டவர் இதை மட்டும் விட்டாரே, ஏன்?

எங்கள் கத்தோலிக்க சபையில் 2008-ல் வத்திக்கான் தெளிவாகவே சொல்லிவிட்டது: வழிபாட்டில் அந்த நான்கெழுத்தை உச்சரிக்க வேண்டாம், "ஆண்டவர்" என்றே சொல்லுங்கள் என்று. அந்த நான்கெழுத்தை "யாவே" என்று உச்சரித்துத் தொடங்கிய பாட்டுகளைச் சிலர் மாற்ற வேண்டியதாயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை.

எபிரேயம்_படிப்பவன்:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். "யெகோவா" என்ற உச்சரிப்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் இந்த வாதத்தின் போக்கே மாறும்.

எபிரேயத்தில் முதலில் மெய்யெழுத்து மட்டும்தான் எழுதினார்கள். பல நூற்றாண்டு கழித்து மசோரேத்தர் என்ற அறிஞர்கள் உயிர்க்குறிகளைச் சேர்த்தார்கள். நான்கெழுத்துக்கு வந்தபோது அதன் சொந்த உயிர்க்குறிகளைப் போடவில்லை. வாசிக்கிறவன் "அதோனாய்" என்று சொல்ல வேண்டும் என்பதற்கான குறிகளைப் போட்டார்கள். அது தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் படித்ததில் பிறந்த வடிவம்தான் யெகோவா. 1530-ல் வேதாகம மொழிபெயர்ப்பாளர் டிண்டேல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பிறகு எங்கும் பரவியது.

நம்பாதவர்கள் ஆதியாகமம் 15:2-ஐப் பாருங்கள். அங்கே மூலத்தில் ஏற்கெனவே "அதோனாய்" என்ற சொல் இருக்கிறது, அதற்கு அடுத்து நான்கெழுத்து. இரண்டு தடவை அதோனாய் என்று வாசிக்க முடியாதே. அதனால் மசோரேத்தர் அங்கே "ஏலோஹீம்" (தேவன்) என்ற சொல்லின் குறிகளைப் போட்டார்கள். யெகோவா என்று படிக்கும் முறையில் அதைப் படித்தால் "யெஹோவி" என்று வரும். அந்தக் குறிகள் நாமத்துக்கே சொந்தமானவை என்றால் ஒரே நாமத்துக்கு எப்படி இரண்டு உச்சரிப்பு?

பெரும்பாலான அறிஞர்கள் "யாவே" என்பதுதான் பழைய ஒலி என்று நினைக்கிறார்கள். சமாரியர் "யாபே" என்று சொன்னதாக 5-ம் நூற்றாண்டில் தியோதொரேத்து என்ற ஆயர் எழுதி வைத்திருக்கிறார். அதுவும் ஊகத்தின் மேல் நிற்கிற முடிவுதான்.

நான்கெழுத்து:
உச்சரிப்பு கொஞ்சம் பிசகலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "இயேசு" என்பதும்தான் யேசுவா இல்லை. கிரேக்கம் வழியாக உருமாறித்தான் நம் நாவுக்கு வந்தது. அதற்காக இயேசுவை அழைப்பதை விட்டுவிட்டோமா? எலியா, ஏசாயா, எரேமியா என்ற பெயர்களின் கடைசியில் நிற்கிற, அந்த நாமத்தின் சுருக்கமான "யா" யார்? யோவான் என்ற பெயரின் முதலெழுத்து எங்கிருந்து வந்தது? அல்லேலூயா என்றால் "யாவைத் துதியுங்கள்". வாரந்தோறும் பாடிவிட்டு, அந்த நாமத்தைச் சொல்லக்கூடாது என்கிறீர்களே சகோதரி!

இன்னொன்று. பழைய மொழிபெயர்ப்பிலேயே யாத்திராகமம் 6:3-ல் "யேகோவா என்னும் என் நாமத்தினால்" என்று இருக்கிறது. ஆபிரகாம் மலைமேல் வைத்த பெயர் யேகோவாயீரே. அந்த இடங்களில் விட்டுவைத்தவர்கள் மற்ற ஆயிரக்கணக்கான இடங்களில் ஏன் எடுத்தார்கள்?

மௌனவாசகி:
அல்லேலூயாவைப் பற்றிச் சொன்னது நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எடுத்தார்கள் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த வழக்கத்தை அப்போஸ்தலரிடமிருந்து வாங்கினோம். பவுல் ரோமர் 10:13-ல் யோவேல் 2:32-ஐ எடுத்து எழுதுகிறார். யோவேலில் நான்கெழுத்து இருக்கிறது. பவுலின் கிரேக்கத்தில் "கூரியோஸ்", ஆண்டவர். அந்த ஆண்டவர் யார் என்று நான்கு வசனத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்: இயேசு. அங்கே யெகோவா என்று மாற்றி வைத்தால் அந்த இணைப்பே அறுந்துவிடும். கிறிஸ்துவை ஆண்டவர் என்று அறிக்கையிடுவது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது அப்புறம் எப்படித் தெரியும்?

எபிரேயம்_படிப்பவன்:
இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு சான்று தருகிறேன்.

சகோதரருக்கு: கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்துக் கிரேக்க உபாகமச் சுருள் ஒன்று எகிப்தில் கிடைத்தது. கிரேக்க வரிகளுக்கு நடுவில் அந்த நாமம் மட்டும் எபிரேய எழுத்தில் நிற்கிறது. ஆகவே எல்லாப் பழைய கிரேக்கப் பிரதிகளிலும் கூரியோஸ்தான் இருந்தது என்று சொல்ல முடியாது.

சகோதரிக்கு: புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் பிரதிகளில் இன்றுவரை ஒன்றில்கூட நான்கெழுத்து கிடைக்கவில்லை. யெகோவாவின் சாட்சிகளின் புதிய உலக மொழிபெயர்ப்பு புதிய ஏற்பாட்டில் 237 இடங்களில் யெகோவா என்று போடுகிறது. அதற்கு ஒரு கிரேக்கப் பிரதியும் ஆதாரமாக இல்லை. ஆதிக் கிறிஸ்தவர்கள் கூரியோஸ் என்பதைச் சுருக்கி, மேலே கோடு இழுத்து எழுதினார்கள். அதுதான் அவர்கள் காட்டிய பயபக்தி.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கீதம் 110:1 பழைய மொழிபெயர்ப்பில் "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி". நான்கெழுத்துக்குக் கர்த்தர், அதோன் (எஜமான்) என்ற எபிரேயச் சொல்லுக்கு ஆண்டவர். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் "ஆண்டவர் என் தலைவரிடம்". எந்தச் சொல் எந்த எபிரேயச் சொல்லுக்கு நிற்கிறது என்று இரண்டிலும் கண்டுபிடித்துவிடலாம். ஆங்கிலத்தில் இதைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வைத்துத்தான் காட்டுகிறார்கள். காதுக்கு அது எட்டாது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் செய்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று தலைமுறைக்குத் தலைமுறை போராடித்தான் சொற்களைத் தேர்ந்தார்கள்.

அன்னாளின்மகள்:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது ஜெபக்குழு ஒன்று வீட்டுக்கு வந்தது. அவர்களில் ஒருவர் அம்மாவிடம், "கர்த்தர், ஆண்டவர் என்று சொன்னால் கேட்கப்படாது, யெகோவா என்ற நாமத்தைச் சொல்லித்தான் ஜெபிக்க வேண்டும்" என்றார். அம்மா ஐம்பது வருஷமாக "ஆண்டவரே" என்று கூப்பிட்டவள். அவர்கள் போன பிறகு என்னைக் கேட்டாள்: "இத்தனை நாள் தப்பான வாசலைத் தட்டிக்கொண்டிருந்தேனா?" அந்தக் கேள்வியோடுதான் ஒரு வாரம் கிடந்தாள்.

நான்கெழுத்து அண்ணா, உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. பெயரைச் சொல்வது உறவின் அடையாளம் என்கிறீர்கள். ஆனால் பெற்றவரைப் பெயர் சொல்லியா பிள்ளை கூப்பிடுகிறது? கெத்செமனேயில் இயேசு "அப்பா பிதாவே" என்றார் (மாற்கு 14:36). சிலுவையில் "எலோயீ, எலோயீ", என் தேவனே என்றார். நான்கெழுத்தைச் சொல்லவில்லை. அவர் ஜெபம் கேட்கப்படவில்லை என்று யார் சொல்வார்?

ஆதியாகமம் 16-ல் ஆகார் வனாந்தரத்தில் நிற்கிறாள். அடிமைப் பெண், எகிப்தியப் பெண். "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவளே அவருக்கு ஒரு பெயர் வைக்கிறாள். எல்ரோயீ. நீ சொல்வது சரியான பெயர் இல்லை என்று தேவன் அவளைத் திருத்தவில்லை.

எபிரேயம்_படிப்பவன்:
சகோதரி, உங்கள் அம்மாவிடம் அப்படிச் சொன்னவர்கள் செய்தது கொடுமை. வேதத்தில் அதற்கு இடமே இல்லை.

"அப்பா" என்பது அரமேயச் சொல். நம் அப்பாவோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். அது குழந்தையின் மழலை மட்டும் என்று சிலர் போதிப்பதும் சரியில்லை, வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் அழைத்தார்கள். உங்கள் வாதம் இதனால் குறையவில்லை.

நான்கெழுத்து:
மகளே, இரண்டு நாள் இதற்குப் பதில் எழுத வரவில்லை.

"என்று மட்டுமே சொல்வேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள்" என்று முதலில் எழுதியிருந்தேன். அந்த "நீங்களும்" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். உன் அம்மா தட்டியது சரியான வாசல்தான். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நான் எழுதியது அந்த ஜெபக்குழுவின் பேச்சைப் போல உனக்குக் கேட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

ஆனாலும் மொழிபெயர்ப்பு விஷயத்தில் என் நிலை மாறவில்லை. அச்சில் அந்த நாமம் இருக்க வேண்டும். வாசிக்கிறவர் ஆண்டவர் என்று வாசிக்கட்டும், பக்கத்தின் ஓரத்தில் நான்கெழுத்தையாவது அச்சிடட்டும். யூதர்களே எழுத்தை அழிக்கவில்லையே, உச்சரிப்பைத்தானே நிறுத்தினார்கள்.

மௌனவாசகி:
ஓரத்தில் அச்சிடுவதை நான் எதிர்க்க மாட்டேன். ரோமர் 10:13-ல் மட்டும் கை வைக்க விடமாட்டேன்.

அன்னாளின்மகள்:
அண்ணா, அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் உங்கள் பதிலைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருப்பேன்.