தொட்டி முழுக்க நத்தை: மயில்துத்தம் போடலாமா?

தொட்டிக்காரன், தருமபுரி:

வணக்கம். வீட்டில் இரண்டடிக்கு ஓரடித் தொட்டி, உயரமும் ஓரடி. மீன் கப்பி 12, கறுப்பு மோலி 3. அடியில் ஆற்று மணல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், போர் தண்ணீர்.

தை மாதம் ஒரு கடையில் வாலிஸ்னேரியா செடி ஒரு கட்டு வாங்கி நட்டேன். கொஞ்ச நாளில் கண்ணாடியில் கடுகு மாதிரி இரண்டு நத்தை. மகள் குஷியாகிப் பேரெல்லாம் வைத்தாள். இப்போது வைக்கப் பேர் போதவில்லை. நேற்று ராத்திரி பத்து மணிக்கு விளக்கைப் போட்டால், முன் கண்ணாடியில் மட்டும் 63 வரை எண்ணிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். இலையடியில் ஜவ்வரிசிக் கஞ்சிச் சொட்டு மாதிரி முட்டைகள். மணலைக் கிளறினால் கூம்பு வடிவத்தில் வேறொரு ஜாதி.

தக்காளி போடுகிற மாமா, "ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடு மாப்ளே, ராத்திரியோட ராத்திரியா தீர்ந்திடும்" என்கிறார். போடலாமா? தீனி அளவாகத்தான் போடுகிறேன், தினமும் ராத்திரி ஒரு தடவை.

மாங்கொட்டை, கிருஷ்ணகிரி:

மாமாவைத் தோட்டத்தோடு நிறுத்துங்கள். மயில்துத்தம் தாமிர உப்பு. நத்தை சாகும், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலே 56 லிட்டர்தான். அதில் சிட்டிகைக் கணக்கு மீனின் செவுளையும் சேர்த்துப் பதம் பார்க்கும். கொஞ்சம் தாமிரம் மணலிலும் தங்கிவிடும், பின்னால் இறால் வளர்க்க ஆசைப்பட்டால் வம்பு.

அதைவிடப் பெரிய ஆபத்து, நூறு நத்தை ஒரே ராத்திரியில் செத்து ஓட்டுக்குள்ளேயே அழுகுவது. அம்மோனியா ஏறிவிடும். நான் செய்தவன்தான் சொல்கிறேன். முதல் நாள் நத்தை, மூன்றாம் நாள் மோலி.

மீனம்மா, ஓசூர்:

தம்பி, முதலில் ஆளை அடையாளம் பாருங்கள். கண்ணாடியில் இருப்பதில் ஒன்றை எடுத்து, ஓட்டின் கூர் முனை மேலே, ஓட்டின் வாய் உங்களைப் பார்க்கிற மாதிரி பிடியுங்கள். வாய் இடது பக்கம் இருந்தால் பிளாடர் நத்தை. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாகவே இருக்கும். கூம்பு ஜாதி ட்ரம்பெட் நத்தை. அது முட்டையிடாது, குட்டி போடும், அதற்கும் பெரும்பாலும் ஆண் துணை தேவையில்லை. பகலில் மணலுக்குள் கிடந்து ராத்திரி வெளியே வரும்.

இரண்டுக்கும் செடி மேல் பெரிய ஆசை கிடையாது. மிஞ்சின தீனி, அழுகின இலை, பாசி, இவைதான் சாப்பாடு. அதனால் என் கேள்வி வேறு. இத்தனை பேருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? நீங்கள் ஒரு தடவைதான் போடுகிறீர்கள், சரி. வீட்டில் வேறு யார் போடுகிறார்கள்? தீனி டப்பாவில் பேனாவால் ஒரு கோடு போட்டு மூன்று நாள் பாருங்கள்.

தொட்டிக்காரன், தருமபுரி:

அக்கா, வாய் இடது பக்கம்தான். கோடும் போட்டேன். என் கணக்குப்படி ஒரு மாதம் வர வேண்டிய டப்பா பத்து நாள்கூட வராது போல. விசாரித்தால், அப்பா காலையில் பால் வாங்கி வந்ததும் ஒரு கை, மகள் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு கை, அப்புறம் நான். இதில்லாமல் வீட்டுக்காரம்மா சோற்றுப் பருக்கை வேறு போடுகிறாராம். "மீன் வாயைத் திறந்து திறந்து கேட்குது, நான் என்ன பண்ண" என்கிறார்.

மீனம்மா, ஓசூர்:

மீன் எப்போதும் கேட்கும். இனி ஒருவர், ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி, பயப்பட வேண்டாம். விளக்கணைத்த பின் வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றை ஸ்பூனில் குத்தி அடியில் வையுங்கள், விடியற்காலை மொய்த்திருப்பதோடு தூக்கிவிடலாம். பகலுக்கு விட்டால் வெயில் காலத்தில் அழுகும். முட்டைச் சொட்டை நகத்தால் சுரண்டுங்கள். வாரம் ஒரு முறை மேல்மணலில் குழாய் விட்டு அழுக்கை உறிஞ்சி, கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

கடைக்காரர் க்ளௌன் லோச் வாங்கச் சொல்வார். நத்தை தின்னும்தான், ஆனால் ஓரடி வளர்கிற மீன், உங்கள் தொட்டிக்கு ஆகாது.

பாரூர் கப்பி:

நம் பக்கத்துப் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், நத்தை ஓட்டுக்கு விருந்து. அதற்காகத் தண்ணீரை மாற்றிவிடாதீர்கள், கப்பிக்கும் மோலிக்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் கலந்தால் குளோரின் போக்கிவிட்டு ஊற்றுங்கள். எடுத்த நத்தையை ஏரியிலோ சாக்கடையிலோ கொட்டாமல் நசுக்கித் தென்னையடியில் புதைத்துவிடுங்கள்.

தொட்டிக்காரன், தருமபுரி (ஐந்து வாரம் கழித்து):

முதல் வாரம் வெள்ளரிக்காயில் ராத்திரிக்கு முப்பது நாற்பது வந்தது. நேற்று நாலு. கண்ணாடியில் மகள் எண்ணியது 9. கூம்பு நத்தையை விட்டுவிட்டேன், மணலைக் கிளறிக்கொண்டு கிடக்கட்டும். அடுத்த செடிக்கு என்ன செய்வது அக்கா?

மீனம்மா, ஓசூர்:

லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் படிகாரத் தூள் கரைத்து ஒரு நாள் ஊற வைத்து அலசுங்கள். முட்டை சிலது தப்பும். அதனால் மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டு நடுங்கள்.

தொட்டிக்காரன், தருமபுரி:

சரிங்க அக்கா. டப்பா இப்போது பீரோவுக்கு மேலே. அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.