புதுப்பிப்பு: புது நீட்சி டொமைனுக்கு இரண்டாம் ஆண்டு எகிறிய கட்டணம்

முதல் ஆண்டு மலிவாகக் கிடைத்த டொமைனை (.xyz போன்ற புது நீட்சியில் முடியும் இணையதள முகவரி) இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பிக்கப் பல மடங்கு கேட்கிறார்கள் என்று புலம்பியிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. பலித்தது, "காலாவதிக்கு முன்பே வேறு பதிவாளருக்கு (டொமைன் விற்கும் நிறுவனத்துக்கு) மாற்றிவிடுங்கள்" என்ற யோசனைதான். பழைய பதிவாளரிடம் மாற்றத்தைத் தடுக்கும் பூட்டை நீக்கி, மாற்றக் குறியீட்டை (மாற்றத்துக்கான கடவுச்சொல்) வாங்கிப் புதியவரிடம் கொடுத்தேன்; ஐந்தாம் நாள் முடிந்தது. மாற்றக் கட்டணத்திலேயே ஓராண்டு நீட்டிப்பும் சேர்ந்துவிட்டது. (பதிவு செய்து 60 நாள் ஆகாவிட்டால் பொதுவாக மாற்ற விடமாட்டார்கள்.)

எதிர்பாராதது ஒன்று: கட்டணம் பாதியாகத்தான் குறைந்தது. மீதி, நீட்சியை நடத்தும் பதிவகம் பதிவாளர்களிடம் வாங்கும் மொத்த விற்பனை விலை. அதற்கு ஐகேன் (டொமைன் அமைப்பை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பு) உச்சவரம்பு வைக்கவில்லை. புதுப்பிப்பு விலையை உயர்த்துவதானால் பதிவகம் பதிவாளர்களுக்கு 180 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அவ்வளவே. பிரீமியம் பெயராக (பதிவகமே கூடுதல் விலை வைத்த பெயர்) இருந்தால் மாற்றியும் பெரிய பயன் இருக்காதாம். நல்லவேளை, என்னுடையது சாதாரணப் பெயர். அப்புறம், பழைய இடத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை முதலிலேயே அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அந்த எகிறிய கட்டணத்தையே எடுத்துவிடுவார்கள். நான் மயிரிழையில் தப்பினேன்.