ரெடன்டன்ட் ஸ்டோரேஜுக்கு ‘மிகைமை’ வேண்டாம், ‘ஈடுசெய் சேமிப்பகம்’ என்போம்

வணக்கம் நண்பர்களே,

வீட்டுக் கோப்பு வழங்கி (ஃபைல் சர்வர்) அமைப்பதற்காக நாம் தமிழில் எழுதுகிற கையேடு ரெடன்டன்சி என்ற ஒரே சொல்லில் வந்து நின்றுவிட்டது. வழங்கியில் ஒரு வட்டு (ஹார்ட் டிஸ்க்) பழுதானாலும் தரவு போகாதபடி கூடுதலாக எழுதிவைக்கிற பண்புதான் அது. இதுவரை வந்த பரிந்துரைகள் மிகைமை, உபரி, காப்பு, மாற்று. நான் முன்வைப்பது ‘ஈடுசெய்’. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லைத் தவறாக வைத்தால் கையேட்டைப் படித்து வழங்கி அமைக்கிறவர் தன் கோப்புகளையே இழக்க வாய்ப்பு உண்டு என்பதால்தான் இதில் இவ்வளவு அக்கறை.

> அகராதிகளில் மிகைமை என்றுதானே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோமே.

மொழியியலுக்கும் தகவல் கோட்பாட்டுக்கும் மிகைமை நல்ல சொல்தான், அங்கே அது இருக்கட்டும். ஆனால் தமிழில் மிகை என்றாலே வேண்டாதது, குறைத்தால் நல்லது என்ற தொனி வந்துவிடுகிறது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் ஒன்று. நான்கு வட்டு வாங்கி, அதில் ஒன்றின் இடத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறவரிடம் போய், நீங்கள் விட்டுக்கொடுத்தது மிகை என்று சொன்னால் அடுத்த முறை அவர் மூன்று வட்டோடு நிறுத்திக்கொள்வார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரே வழங்கியில் இரண்டு எதிரெதிர் வேலைகள் நடக்கின்றன. வட்டு போனாலும் தரவு போகாமலிருக்கக் கூடுதலாக எழுதிவைப்பது ஒன்று. ஒரே தரவு பல இடத்தில் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்து இடத்தை மிச்சப்படுத்துவது இன்னொன்று, அதாவது டீடூப்ளிகேஷன். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இரண்டும் உண்டு, தரவைச் சுருக்குவதும் உண்டு. இரண்டாவது வேலையில் நீக்கப்படுவதுதான் உண்மையான மிகை, அதற்கு மிகைநீக்கம் என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படியானால் ஒரு பக்கத்தில் ‘மிகைமைச் சேமிப்பகம் அமைக்கவும்’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘மிகைநீக்கத்தை இயக்கலாம்’ என்றும் எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? முதலில் செய்ததை இரண்டாவது அழித்துவிடும் என்றுதான். இரண்டும் வட்டில் வேறுவேறு அடுக்கில் நடக்கிற, ஒன்றை ஒன்று அழிக்காத வேலைகள். உபரியிலும் இதே தடங்கல்தான்.

‘காப்பு’ என்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. காப்புநகல், காப்புப்பிரதி என்று பேக்கப்புக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல் அது. ரெய்டு (பல வட்டுகளை ஓர் அணியாகக் கோர்க்கிற முறை) பேக்கப் ஆகாது என்று இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், இருந்தும் புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வட்டில் ஒரே தரவு இருந்தால், ஒரு கோப்பை அழித்த நொடியிலேயே இரண்டிலும் அழிந்துபோகும். பணயத் தீம்பொருள் வந்து கோப்புகளைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். மின்னழுத்தம் எகிறிப் பெட்டியே கருகினால் உள்ளே எத்தனை வட்டு இருந்தாலும் பயன் இல்லை. இதற்கெல்லாம் பெட்டிக்கு வெளியே, முடிந்தால் வேறு கட்டடத்தில், தனி நகல் வேண்டும். இந்த வேறுபாட்டை நாம் பத்தி பத்தியாக விளக்கி எழுதிவிட்டு, பெயரில் மட்டும் ‘காப்பு’ என்று வைத்தால் பெயர்தான் மனதில் நிற்கும், விளக்கம் நிற்காது.

> ஸ்டெப்னி மாதிரிதானே, மாற்று வட்டு என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஸ்டெப்னி வண்டி ஓடும்போது சும்மா கிடக்கிறது, டயர் பஞ்சரானால் மட்டும் வேலைக்கு வருகிறது. ரெய்டு வகைகளில் ரெய்டு 5, ரெய்டு 6, இணைவட்டு (ஒரே தரவை இரண்டு வட்டிலும் எழுதுகிற மிரரிங்) எதை எடுத்தாலும் அணியில் இருக்கிற எல்லா வட்டும் எப்போதும் வேலை செய்துகொண்டேதான் இருக்கின்றன, இவை தரவுக்கு, இது அவசரத்துக்கு என்ற பிரிவே இல்லை. ஸ்டெப்னிக்கு நேரான பொருள் வேறு ஒன்று இருக்கிறது: மின் இணைப்போடு சும்மா காத்திருந்து, ஒரு வட்டு விழுந்ததும் தானாக அதன் இடத்துக்கு வருகிற ஹாட் ஸ்பேர். உதிரிபாகம் எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் அதற்கு ‘தயார் உதிரி’ என்று வைக்கலாம்.

சரி, ‘ஈடுசெய்’ எப்படிப் பொருந்துகிறது என்று பார்ப்போம்.

ரெய்டு என்ற பெயர் (ரெடன்டன்ட் அரே ஆஃப் இன்எக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ் என்பதன் சுருக்கம்) கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிறந்தது. டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை 1988இல் வெளியானது. பெரிய கணினிகளில் இருந்த விலையுயர்ந்த ஒற்றை வட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன மலிவு வட்டுகளை அணியாகக் கோர்த்தால் வேகமும் கிடைக்கும், செலவும் குறையும் என்பது அவர்கள் வாதம். ஆனால் வட்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட, ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் கூடுதல் வட்டு உள்ளே வந்தது. அதாவது ரெடன்டன்சி என்ற பண்பு இந்தத் துறைக்குள் நுழைந்ததே ஈடுசெய்யத்தான். பின்னால் அந்தப் பெயரில் இருந்த ‘மலிவான’ என்பது ‘தனித்தனியான’ என்று மாறிவிட்டது, ஈடுசெய்யும் பகுதி மாறவில்லை. (ரெய்டு என்ற பெயரையே தமிழாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரேடார், லேசர் போல அது அப்படியே இருக்கட்டும். போதாக்குறைக்கு ரெய்டு 0 என்ற வகையில் ஈடுசெய்தலே கிடையாது, வேகத்துக்காகத் தரவைப் பிரித்து எழுதுவதோடு சரி. அதைக் கையேட்டில் எச்சரிக்கையாகவே போட வேண்டும்.)

இப்போது பிட் அளவில் இறங்கிப் பாருங்கள். மூன்று வட்டில் ஒரே இடத்தில் 1, 1, 0 என்று இருக்கிறது. நான்காவதில் என்ன எழுதுவது? எல்லாவற்றையும் சேர்த்தால் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே இரண்டு ஒன்று இருப்பதால் நான்காவதில் 0. இரண்டாவது வட்டு செத்துவிட்டது என்று வையுங்கள். மிச்சம் இருப்பது 1, 0, 0. ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக நிற்கிறது, ஆகவே போனது 1 என்று தெரிந்துவிடும். போன வட்டின் நகல் எங்கேயும் இல்லை! இருப்பவை சேர்ந்து இல்லாததைக் கணக்குப் போட்டுத் தருகின்றன. இதை நகல் என்றோ படி என்றோ சொல்ல முடியாது, ஈடுசெய்தல் என்று தாராளமாகச் சொல்லலாம். இணைவட்டு முறையில் மட்டும்தான் நகல் நேரடியாக இருக்கிறது, அங்கேயும் ஒன்று போனால் இன்னொன்று ஈடுசெய்கிறது. ஆக இரண்டு முறைக்கும் ஒரே சொல் போதும்.

இப்படி நான்காவதாகக் கணக்குப் போட்டு எழுதுவதற்குப் பெயர் பாரிட்டி. அதற்குச் சிலர் ‘சமன்’ என்று எழுதுகிறார்கள். மேலே சொன்ன இரட்டைப்படை விதிக்கு அது பொருந்தும். ஆனால் ரெய்டு 6இல் இரண்டாவதாக ஒரு பாரிட்டி உண்டு, அது ஒன்றுகளை எண்ணுகிற கணக்கே இல்லை, கால்வா புலம் என்ற இயற்கணிதத்தை வைத்துப் போடுவது. அங்கே எது எதற்குச் சமன் என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் இரண்டுக்கும் பொதுவாக ‘ஈட்டுத்தரவு’ என்று வைப்போம். ஈட்டுறுதி என்று சட்டத்தமிழில் ஏற்கெனவே இருக்கிற சொல்லின் அதே முன்பகுதிதான். ‘ஈட்டுவட்டு’ என்று மட்டும் எழுத வேண்டாம். ரெய்டு 4இல் ஈட்டுத்தரவுக்கென்று தனி வட்டு உண்டு, ரெய்டு 5இல் அது எல்லா வட்டிலும் சுழற்சியாகப் பரவிக்கிடக்கிறது. தனி வட்டு இருப்பதாக நினைத்துக்கொண்டால் அதைக் கழற்றினாலும் தரவு பத்திரமாக இருக்கும் என்று யாராவது முடிவுக்கு வந்துவிடுவார்.

ஈடு என்றால் அடகுப்பொருள் என்றும் பொருள் இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால்தான் தனியாக ஈடு என்று வைக்காமல் ‘ஈடுசெய் சேமிப்பகம்’ என்று வினைத்தொகையாகச் சொல்கிறேன். ஈடுசெய்த, ஈடுசெய்கிற, ஈடுசெய்யும் என்று மூன்று காலமும் அதற்குள் வந்துவிடுகிறது. இடையில் ச் போட வேண்டாம், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அலுவலகங்களில் ஈடுசெய் விடுப்பு என்று புழங்குவதால் காதுக்கும் புதிதில்லை.

எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது அதிலிருந்து கிளைக்கிற சொற்கள்தான். எத்தனை வட்டு போனால் தாங்கும் என்பதை ஓரிழப்பு ஈடு, ஈரிழப்பு ஈடு, மூவிழப்பு ஈடு என்று சொல்லிவிடலாம். ரெய்டு 5 ஓரிழப்பு, ரெய்டு 6 ஈரிழப்பு, இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட்3 மூவிழப்பு. எண் வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான்கு 4 டெராபைட் வட்டு வைத்திருப்பவருக்கு ஓரிழப்பு ஈட்டில் 12 டெராபைட் கிடைக்கும், ஈரிழப்பு ஈட்டில் 8. இரண்டிரண்டாக இணைவட்டு போட்டாலும் அதே 8தான், ஆனால் அங்கே இரண்டாவது இழப்பு எந்த இணையில் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிழைப்பதும் பிழைக்காததும், ஆகவே அதை ஈரிழப்பு ஈடு என்று எழுதக் கூடாது. (12 டெராபைட் என்று வாங்கியது திரையில் 10.9 என்று தெரியலாம். பத்தின் அடுக்கில் விற்று இரண்டின் அடுக்கில் எண்ணுவதால் வருகிற வேறுபாடு அது. புதியவர்கள் பயந்துபோகிற இடம் என்பதால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.)

அப்புறம் டிகிரேடட் என்று திரையில் வருகிற நிலை. ஆங்கிலத்தில் அது ஒரே சொல், ஆனால் அதற்குள் இரண்டு நிலை கலந்துகிடக்கிறது. ரெய்டு 6இல் ஒரு வட்டு போனால் இன்னும் ஓர் இழப்பைத் தாங்கும். ரெய்டு 5இல் ஒன்று போனால் அடுத்ததைத் தாங்காது. நாம் முதலாவதை ‘ஈடு குறைந்த நிலை’ என்றும் இரண்டாவதை ‘ஈடு தீர்ந்த நிலை’ என்றும் பிரித்து எழுதலாம். ஈடு தீர்ந்துவிட்டது என்று படித்தவர் உடனே எழுந்துபோய்ப் பார்ப்பார். பார்க்கவும் வேண்டும், ஏனென்றால் புதிய வட்டைப் போட்டு மீள்கட்டுவது நேரம் பிடிக்கிற வேலை. 12 டெராபைட் வட்டு நிறைய எழுத வேண்டும் என்றால், நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் தடங்கலே இல்லாமல் ஓடினாலும் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் மிச்ச வட்டுகள் எல்லாம் முழுதாக வாசிக்கப்படுகின்றன, அதுவரை யாரும் தொடாத மூலையில் இருந்த பழுதும் அப்போதுதான் வெளியே வரும்.

இந்த இடத்தில் கையேட்டில் ஒரு நடைமுறைக் குறிப்பும் வேண்டும். வட்டைப் பொருத்தும் முன்பே அதன் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ஒரு சீட்டில் எழுதி, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுகிற பக்கமாக ஒட்டிவிட வேண்டும். ஈடு தீர்ந்த நிலையில், ஒரே மாதிரி இருக்கிற நான்கு வட்டில் செத்ததை விட்டு நல்லதை உருவினால் அணி அங்கேயே விழுந்துவிடும். மென்பொருள் காட்டுகிற வட்டுப் பெயர் கணினியை மறுபடி தொடங்கும்போது மாறலாம், வரிசை எண் மாறாது.

கடைசியாக ஸ்கிரப். ‘துப்புரவு’ என்று போட்டிருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். துப்புரவு என்று ஒரு பொத்தான் இருந்தால் எதையோ அழித்துவிடும் என்று யாரும் அதை அழுத்தமாட்டார்கள், அழுத்த வேண்டிய பொத்தான் அது. நடப்பது என்னவென்றால், எழுதிவைத்த எல்லாத் தரவையும் ஒருமுறை வாசித்து, ஒவ்வொரு துண்டையும் அதன் சரிபார்ப்புத்தொகையோடு (செக்சம்) ஒப்பிட்டு, தவறியதை ஈட்டிலிருந்து சரிசெய்வது. ‘முழுச் சரிபார்ப்பு’ போதும். சரிபார்ப்புத்தொகை இல்லாத சாதாரண இணைவட்டில் இரண்டு நகலும் வேறுபட்டால் எது சரி என்று அமைப்புக்கே தெரியாது, சரிபார்ப்புத்தொகை வைத்திருக்கிற கோப்பு முறைமைகளான இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டுக்கும் தெரியும். ஈடுசெய்ய வேண்டும் என்றால் இழந்தது எது என்று முதலில் தெரிய வேண்டும், இதைக் கையேட்டில் அந்த இயலின் முதல் வரியாகவே வைக்கலாம்.

ரீபில்டுக்கு ‘மீள்கட்டல்’ என்று மேலே எழுதியிருக்கிறேன், அதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். ‘மீட்பு’ மட்டும் வேண்டாம், காப்புநகலிலிருந்து கோப்பை எடுப்பதற்கு அந்தச் சொல் நமக்கு வேண்டியிருக்கிறது.