பெரியப்பாவின் இரைப்பைக் கட்டி: குடும்பக் குழுவில்

பெரியம்மா: பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. இரைப்பையில் 8 மி.மீ. கட்டி, புற்றுநோயின் ஆரம்பமாம். வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோபியிலேயே குறைந்த செலவில் எடுக்கலாம் என்கிறார் டாக்டர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சித்தப்பா: தைரியமாக இருங்கள் அண்ணி. புற்றுநோய்க்குப் போய்ச் சிக்கனம் பார்ப்பதா? பணம் நான் தருகிறேன், பெரிய ஆபரேஷனே செய்துவிடலாம்.

அக்கா: அதில் இரைப்பையின் பெரும்பகுதி போய்விடலாம் சித்தப்பா. கட்டி உட்படலத்தோடு நின்றிருந்தால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

அண்ணன்: ரப்பர் வளையம் என்று ஏதோ சொன்னார். புரியவில்லை.

அக்கா: கல்லீரல் நோயாளிகளுக்கு உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்களைக் கட்டுவார்களே, அதே வளையம்தான் அண்ணா. முதலில் கட்டிக்கு அடியில் உப்புநீரை ஊசியால் ஏற்றுவார்கள். அது கொப்புளம்போல எழும்பித் தசையிலிருந்து விலகும். உடனே உறிஞ்சி இழுத்து வளையத்தை மாட்டி, கம்பிச் சுருக்கால் மின்சாரம் செலுத்தி வெட்டி எடுப்பார்கள். எல்லாம் எங்கள் எண்டோஸ்கோபி அறையில் ஏற்கெனவே புழங்கும் சாமான்கள். செலவு குறைவதற்கு அதுதான் காரணம்.

சித்தப்பா: ஜப்பானில் கத்தியால் செதுக்கி எடுக்கிறார்களாமே?

அக்கா: அது ஈ.எஸ்.டி., அதையும் எண்டோஸ்கோபி வழியாகத்தான் செய்வார்கள். 1990களின் இறுதியில் அங்கே வளர்ந்த முறை. தசை துளைபடாமலிருக்கக் கத்தி நுனியில் பீங்கான் குண்டு வைத்தார்கள். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியை முழுதாக எடுக்க அதுதான் வேண்டும். கத்தி விலை அதிகம், நேரமும் பிடிக்கும். அதிலும் ஓர் அருமையான எளிய வழி உண்டு: பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைக் கிளிப்பில் கட்டி, வெட்டும் படலத்தை வாய் வழியாக இழுத்துப் பிடிக்கிறார்கள்!

பெரியம்மா: ரத்தம் வராதா அம்மா?

அக்கா: வரலாம் பெரியம்மா. பெரும்பாலும் எண்டோஸ்கோபியிலேயே சுட்டோ கிளிப் போட்டோ நிறுத்திவிடுவார்கள். பெரியப்பா ஆஸ்பிரின் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் மலம் கறுப்பாகப் போனால் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

அண்ணன்: நாளை டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

அக்கா: ஒரே துண்டாக வருமா என்று அழுத்திக் கேளுங்கள். துண்டு துண்டாக வந்தால் ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த முறையானாலும் எனக்கு இதுதான் முக்கியம். எடுத்த துண்டைச் சுருங்காமல் விரித்து, ஊசிகளால் பலகையில் குத்திவைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஆழமாக இறங்கியிருந்தால் சித்தப்பா சொன்ன ஆபரேஷன் அப்போது தேவைப்படலாம். இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சித்தப்பா: சரி, நானும் வருகிறேன். எத்தனை மணிக்கு அண்ணி?

பெரியம்மா: ஒன்பதரைக்கு. ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.