ஆறு வருஷமா நின்ன 150 சிசி பைக்: வாங்கலாமா? வாங்கினா எங்கே ஆரம்பிக்கிறது?

புதுவரவு:
150 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி ஒன்று ரொம்ப மலிவாக வருகிறது. ஆறு வருஷமாக ஷெட்டில் நின்றிருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டேங்கில் பழைய பெட்ரோல் அப்படியே இருக்கிறது. "பேட்டரி மட்டும் மாத்துங்க, உடனே ஸ்டார்ட் ஆயிடும்" என்கிறார் விற்பவர். நேரில் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பழுதுப்பெட்டி:
முதல்ல, அவரை ஸ்டார்ட் பண்ண விடாதீங்க. கிக்கரையும் யாரும் மிதிக்க வேண்டாம். சிலிண்டர் சுவர்ல இருந்த ஆயில் எப்பவோ வடிஞ்சு காஞ்சிருக்கும். துரு பிடிச்சிருந்தா, பிஸ்டன் ரிங் அந்தத் துருவை இழுத்துக்கிட்டே ஏறி இறங்கி சுவர்ல கோடு போட்டுடும். அப்புறம் சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கி (போர் பண்ணி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும். மலிவா வாங்கினதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.

பிளக் ஸ்பேனர், டார்ச் ரெண்டும் எடுத்துட்டுப் போங்க. பிளக்கைக் கழட்டிட்டு, சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தி, டாப் கியர் போட்டு, பின்சக்கரத்தைக் கையால மெதுவா சுத்துங்க. இன்ஜின் சேர்ந்து சுத்தினா பெரிய கவலை தீர்ந்தது. சுத்தலைன்னா இன்ஜின் வேலைக்கும் சேர்த்துக் கழிச்சு விலை பேசுங்க. அங்கேயே பலம் காட்ட வேண்டாம்.

ஆயிலைப் பாருங்க. பால் கலந்த மாதிரி இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிங்க. மாவு மாதிரி பழுப்புத் துருன்னா கழுவி எடுத்துடலாம். செதில் செதிலா உரிஞ்சு, அடித்தையல்ல கசிவும் இருந்தா டேங்க்கே மாத்தணும்.

பலரும் விடுற இடம் முன் ஃபோர்க். பைப்ல, உள்ளே இருக்கிற ஆயில் கசியாம தடுக்கிற சீல் ஏறி இறங்குற பகுதியில நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுற அளவுக்குத் துருக்குழி இருந்தா புது ஆயில் சீல் போட்டாலும் அது கிழிஞ்சு கசியும். பைப்பையே மாத்தணும், இல்ல திரும்ப குரோம் பூசணும். சீல் போகாத மேல்பகுதியில குழி இருந்தா பரவாயில்ல.

நிதானி:
காகிதத்தை மறக்காதீர்கள். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் உலோகத்தில் அடித்திருப்பதைப் பார்த்து, பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அரத்தால் தேய்த்த தடயம் இருந்தால் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டை தேயாமல் பளபளவென்று இருந்தாலும் பழைய ரப்பர் இறுகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. இரண்டு டயரும் டியூபும் மாற்றுவதாகவே கணக்குப் போடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எலி இருந்தால் ஒயரிங்கையும் கடித்திருக்கும்.

புதுவரவு:
எண்கள் சரியாக இருந்தன, வாங்கிவிட்டேன். ஃபோர்க் பைப் சுத்தம். டேங்கில் மாவுத் துருதான். ஆனால் டாப் கியரில் பின்சக்கரம் கொஞ்சம் அசைந்து இரண்டு பக்கமும் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் இன்ஜின் அசைகிறதா?

பழுதுப்பெட்டி:
இல்ல. அது செயின் தொய்வும் கியர் பல்லுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும்தான். பிஸ்டன் ஜாம்.

பிளக் ஓட்டை வழியா 10 முதல் 15 மி.லி. பெனட்ரேட்டிங் ஆயில் (துருவுக்குள்ள ஊறி இளக்குற ஆயில்) விடுங்க. பிளக்கைக் கையால மாட்டி ஒரு நாள் முழுக்க விடுங்க. அடுத்த நாள் பிளக்கைக் கழட்டி, மேக்னெட்டோ பக்க மூடியைத் திறந்து கிராங்க் நட்டுல ஸ்பேனர் போட்டு லேசா முன்னும் பின்னும் ஆட்டுங்க. நட்டு கழலுற திசையில அழுத்தம் குறைவா இருக்கட்டும். அசையலைன்னா மறுபடி ஆயில், மறுபடி ஒரு நாள். பொறுமைதான் இங்கே கருவி. பிளக் ஓட்டைல கம்பி விட்டு பிஸ்டன் தலையில அடிக்காதீங்க, ஓட்டை விழும். கியர்ல போட்டுத் தள்ளவும் வேண்டாம். நாலஞ்சு நாள் ஆகியும் இறுகியே இருந்தா ஹெட்டைக் கழட்டறது ஒண்ணுதான் வழி.

ஜாம் விட்டதும் இன்ஜினை முழுசா சுத்திடாதீங்க. ஹெட் மேல இருக்கிற டேப்பெட் மூடிகளைத் திறந்து பார்த்துக்கிட்டே மெதுவா சுத்துங்க. ராக்கர் (வால்வை அழுத்துற கை) அழுத்தின வால்வு திரும்ப மேல வரணும். துருவுல மாட்டி திறந்தபடியே நின்னா பிஸ்டன் அதை இடிச்சு வளைச்சுடும். மாட்டியிருந்தா வால்வு தண்டுல ஆயில் விட்டு ஊற விடுங்க.

அப்புறம் பழைய ஆயிலை வடிச்சுட்டு, கையேட்டுல சொன்ன கிரேடு, சொன்ன அளவு ஊத்துங்க. டப்பாவுல பைக் ஆயிலுக்கான தரக் குறியீடு, ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2, போட்டிருக்கணும். உராய்வைக் குறைக்கிற சேர்மானம் உள்ள கார் ஆயில் போட்டா, ஆயில்ல நனையுற கிளட்ச் வழுக்கும். பிளக் இல்லாம கிக்கரை இருபது முப்பது தடவை மெதுவா மிதிச்சா ராக்கர் வரைக்கும் ஆயில் ஏறும். அது கண்ணுல பட்ட பிறகுதான் பிளக்கை மாட்டணும்.

நிதானி:
டேங்க்குக்கு: பெட்ரோலைத் திறந்து மூடும் காக், அளவு காட்டும் மிதவை இரண்டையும் கழற்றி ஓட்டைகளை அடையுங்கள். 10 லிட்டர் வெந்நீருக்கு 500 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து நிரப்பி ஓர் இரவு விடுங்கள். வடித்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறை, வெறும் தண்ணீரால் இருமுறை அலசுங்கள். உடனே சூடான காற்றில் காய வைத்து, கொஞ்சம் ஆயில் விட்டு உள்ளே சுற்றவிடுங்கள். இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே புதுத் துரு பூத்துவிடும். ஆசிட் பெயின்ட்டில் வழிந்தால் தடம் விழும். பெட்ரோல் டியூபையும் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள்.

புதுவரவு:
மூன்றாம் நாள் ஜாம் விட்டது, வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. இப்போது மூன்று பிரச்சினை. சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது, தள்ளினால் அணைகிறது. கிளட்ச் பிடித்து முதல் கியர் போட்டாலும் பாய்ந்து நிற்கிறது. முன் பிரேக் பிடித்தால் விடவே மாட்டேன் என்கிறது.

பத்தாம்நம்பர்:
பிரேக்கை முதலில் முடியுங்கள், அதுவரை ஓட்டாதீர்கள். பிரேக் இறுகியிருக்கும்போது காலிப்பரின் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சொட்டு ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே சுற்றினால் அழுத்தம் மேலே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்: மாஸ்டர் சிலிண்டரின் அடியில் உள்ள நுண்ணிய திரும்பு ஓட்டை அடைத்திருக்கும், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் சுற்றவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடர் பின்னோ துருவில் பிடித்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் புது சீல் கிட், மூடியில் எழுதியுள்ள டாட் (DOT) தர எண்ணில் புது பிரேக் ஆயில். பழைய ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பின் டிரம்மையும் திறந்து, லைனிங் ஷூவை விட்டுப் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சோக் பிரச்சினைக்குக் காரணம் பைலட் ஜெட் (ஐடிலிங்கில், அதாவது திராட்டில் திருகாதபோது, பெட்ரோல் விடும் சிறு துளைத் திருகு) அடைப்பு. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, காய்ந்த பெட்ரோல் பிசின் அதை எளிதில் மூடிவிடும். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். மெல்லிய ஒயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழை விட்டுக் குத்தலாம், ஊசி கூடாது. துளை பெரிதானால் ஐடிலிங் பிறகு சரியாக நிற்காது. பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் மூன்றும் வர வேண்டும். அந்த வழியாக கிளீனர் அடித்தால் திராட்டில் அருகே உள்ள துளைகளில் வெளிவர வேண்டும். டயஃப்ரம் உள்ள கார்புரேட்டர் என்றால் அந்த ரப்பரில் கிளீனர் படக் கூடாது, ஊதிப்போகும்.

ஜெட் சுத்தமாக இருந்தும் அதே நிலை என்றால் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் மேனிஃபோல்டை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வழியாகக் காற்று இழுக்கும்.

பழுதுப்பெட்டி:
கிளட்ச் பிளேட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. முதல்ல கேபிள் ஃப்ரீ பிளே (லிவர்ல இருக்க வேண்டிய சின்னத் தளர்வு) சரியான்னு பாருங்க. அப்புறம் வண்டியை நிறுத்தி வெச்சே நியூட்ரல்ல பத்து நிமிஷம் இன்ஜினை ஓட விட்டு சூடாக்கி அணைச்சுட்டு, டாப் கியர் போட்டு, கிளட்சை முழுசா பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்க. பெரும்பாலும் பட்டுனு விட்டுடும். விடலைன்னா கவரைத் திறந்து பிளேட்டைப் பிரிச்சு, ஸ்டீல் பிளேட்டுல உள்ள துருவை நைஸ் எமரியால தேய்ங்க. ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை புது ஆயில்ல ஓர் இரவு ஊற வெச்சு மாட்டுங்க. மாட்டும்போது கவர் பேக்கிங் புதுசு.

இப்ப உள்ள இருக்கிற ஆயிலை சூடா இருக்கும்போதே வடிச்சு மறுபடி புதுசு ஊத்துங்க. ஜாம் விட்டப்போ உதிர்ந்த துருவும், விட்ட பெனட்ரேட்டிங் ஆயிலும் அதுலதான் கலந்திருக்கு. ஸ்ட்ரெய்னரையும் (ஆயில் வடிகட்டுற வலை) கழுவிடுங்க. கடைசியா 4,000 ஆர்பிஎம்ல பேட்டரி முனையில வோல்ட் பாருங்க: 13.5-லிருந்து 14.5 வரை இருக்கணும். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துறது) போயிடுச்சு, அதை மாத்தாம புது பேட்டரியை மாட்டி ஓட்ட வேண்டாம்.